பழைய லென்ஸ், டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: வாங்குவது முதல் அளந்து பார்ப்பது வரை

ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்து, ஜூப்பிடர்-8 என்ற பழைய சோவியத் லென்ஸில் நாற்பது படங்கள் எடுத்தேன். முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியிருந்தார். தூரம் கணிக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களையும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணில்தான் ஒன்று சேர்த்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, காதில் தொங்கிய பாம்படம் முனை முனையாகத் தெளிவாக இருந்தது. கண்கள் மங்கிப்போயிருந்தன. லென்ஸும் பழுதில்லை, கேமராவும் பழுதில்லை. இரண்டும் சொல்லும் தூரத்துக்கு இடையே நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதை அளக்காமல் படமெடுக்கப் போனது என் தவறு.

ஆகவே இந்த விளக்கத்தில் அளந்து பார்க்கும் படிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது லைக்கா எம் 240. எம் வரிசையின் மற்ற டிஜிட்டல் கேமராக்களுக்கும் முறை ஏறத்தாழ இதுவே.

படி 1: எந்த லென்ஸ் பொருந்தும்?

லைக்காவின் தொடக்க காலக் கேமராக்களில் லென்ஸை 39 மி.மீ. மரையில் திருகிப் பொருத்தினார்கள். 1954-இல் எம்3 வந்தபோது மரை போய், திருப்பினால் பூட்டிக்கொள்ளும் எம் மவுண்ட் வந்தது. பழைய வாடிக்கையாளர்களைக் கைவிடக் கூடாது என்பதால் ஒரு காரியம் செய்தார்கள். மரை மவுண்டிலிருந்து ஃபிலிமுக்கு 28.8 மி.மீ. தூரம், எம் மவுண்டில் அது 27.8 மி.மீ. சரியாக 1 மி.மீ. வித்தியாசம். அந்த 1 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் செய்து இடையில் வைத்தால் பழைய லென்ஸ் அப்படியே வேலை செய்யும். 1930களில் செய்த லென்ஸை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்ட முடிவது இந்த முன்யோசனையால்தான். எனக்கு இதில் இன்றும் வியப்பு தீரவில்லை.

முதல் லென்ஸுக்கு 50 மி.மீ. குவியத்தூரம் போதும். ஜூப்பிடர்-8 (எஃப் 2) விலை குறைவு, எளிதில் கிடைக்கும். கேனனின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 இன்னும் உறுதியான கட்டமைப்பு. லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் எல்மார் எஃப் 3.5 சிறியது, அழகானது. ஆனால் அதன் அபர்ச்சரை (ஒளி புகும் துவாரம்; எஃப் எண் சிறியதானால் துவாரம் பெரிது) முன்பக்கத்தில் நகக்கண் அளவேயான ஒரு குமிழால் நகர்த்த வேண்டும். பழகும் வரை கை தடுமாறும்.

வாங்கும்போது மூன்று இடங்களில் ஏமாறலாம். ஜூப்பிடர்-8 கீவ் என்ற சோவியத் கேமராவுக்கான மவுண்டிலும் வந்திருக்கிறது. அது இந்த வளையத்தில் ஏறாது. ஜெனிட் என்ற இன்னொரு சோவியத் கேமராவுக்கான சில லென்ஸ்களுக்கும் இதே 39 மி.மீ. மரை உண்டு, திருகினால் ஏறும், ஆனால் அவை வேறு தூரத்துக்குச் செய்யப்பட்டவை, ரேஞ்ச்ஃபைண்டரை அசைக்கும் அமைப்பும் அவற்றில் இல்லை. மூன்றாவது, சோவியத் லென்ஸின் மேல் லைட்ஸ் எல்மார் என்று பொறித்து விற்பது. எல்மார் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

படி 2: டார்ச் அடித்துப் பாருங்கள்

அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. பால் படிந்ததுபோல் இருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. பூஞ்சை கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. மேலோட்டமான மெல்லிய கீறல்கள் படத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. எதிர்வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் வெளுக்கும்.

கடலோர ஊர்க்காரர்கள் வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரம் லென்ஸுக்கு எமன். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

படி 3: வளையத்தை மாட்டுதல்

வளையம் வாங்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். வளையத்தின் விளிம்பு அமைப்பைப் பொறுத்துத்தான் வ்யூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் எந்தச் சட்டக்கோடுகள் தெரியும் என்பது அமைகிறது: 50-உம் 75-உம் ஒரு ஜோடி, 35-உம் 135-உம் ஒரு ஜோடி, 28-உம் 90-உம் ஒரு ஜோடி. தடிமன் பிசகிய மலிவு வளையத்தால் ஃபோகஸ் முழுவதுமே தவறும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வளையத்தை முதலில் லென்ஸில் திருகிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் மாட்டுங்கள். எல்மார் போல உள்ளே தள்ளி மடக்கும் லென்ஸாக இருந்தால், டிஜிட்டல் கேமராவில் இருக்கும்போது மடக்கவே கூடாது. குழாய் உள்ளே இடித்துவிடும். ஜூப்பிடர்-12 என்ற 35 மி.மீ. லென்ஸின் பின்கண்ணாடி கேமராவுக்குள் வெகு ஆழம் நீளும். தொடக்கத்தில் அது வேண்டாம்.

படி 4: கேமரா அமைப்பு

லென்ஸ் அடையாளம் காணும் வசதியை அணைத்துவிடுங்கள். ஷட்டர் வேகச் சக்கரத்தை 'ஏ'-யில் வையுங்கள். நீங்கள் லென்ஸில் அபர்ச்சரை வைத்தால், அதற்கேற்ற வேகத்தைக் கேமரா தேர்ந்துகொள்ளும். என்ன அபர்ச்சர் வைத்தீர்கள் என்பது கேமராவுக்குத் தெரியாது, ஆகவே குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூப்பிடரில் அபர்ச்சர் வளையத்துக்கு 'கிளிக்' கிடையாது. அதைத் திருப்பும்போது ஃபோகஸும் சேர்ந்து நகரக்கூடும். முதலில் அபர்ச்சர், பிறகு ஃபோகஸ் என்ற வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 5: அளந்து பாருங்கள்

ஏன் பிசகுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்விளிம்பு முன்னும் பின்னும் நகர்வதைக் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளை தொட்டு உணர்கிறது; அதை வைத்தே நடுக்கட்டத்துப் பிம்பம் நகர்கிறது. அந்த அமைப்பு, 50 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 51.6 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லைக்கா லென்ஸுக்காகக் கணக்கிடப்பட்டது. ஜூப்பிடர்-8-இன் மூலவடிவமோ லுட்விக் பெர்டெலே 1930களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக உருவாக்கிய, ட்சைஸ் நிறுவனத்தின் சோனார் லென்ஸ். கான்டாக்ஸின் கணக்கு சற்றே வேறு. போதாக்குறைக்கு, அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் லென்ஸைப் பிரித்து மாட்டியிருக்கும். உள்ளே இருந்த மெல்லிய தகடு ஒன்று தவறியிருந்தாலும் போதும். தொலைவில் இதெல்லாம் தெரியாது. 1 மீட்டரில் எஃப் 2 வைத்தால் தெளிவாக விழும் ஆழமே ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவு. அங்கே எல்லாம் தெரிந்துவிடும்.

உங்களிடம் புதிய லென்ஸ் ஒன்று இருந்தால் முதலில் அதை வைத்துக் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் சரியா என்று பாருங்கள். அதுவே பிசகியிருந்தால் பழைய லென்ஸைக் குறை சொல்ல முடியாது.

பிறகு மேசையில் ஐந்து தீப்பெட்டிகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முந்தையதற்கு 2 செ.மீ. பின்னால், ஒன்றை ஒன்று மறைக்காமல் சாய்வாக. கேமராவை முக்காலியில் பொருத்தி, நடுப்பெட்டி 1 மீட்டரில் வருமாறு வையுங்கள். லென்ஸை முடிவிலிக் குறியிலிருந்து தொடங்கித் திருப்பி, நடுப்பெட்டியின் விளிம்பில் பிம்பங்களைச் சேருங்கள். எஃப் 2-இல் ஒரு படம். மறுபடி முடிவிலிக்குப் போய், மறுபடி ஃபோகஸ் செய்து இன்னொரு படம். இப்படி ஐந்து முறை. ஒரே படத்தை நம்பாதீர்கள். கண்ணும் கையும் பிசகும்.

கணினியில் எந்தப் பெட்டி மிகத் தெளிவு என்று பாருங்கள். ஐந்து படங்களிலும் ஒரே பெட்டி என்றால் அது லென்ஸின் குணம். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெட்டி என்றால் உங்கள் கைப்பழக்கம் போதவில்லை. எஃப் 2.8, எஃப் 4 ஆகியவற்றிலும் எடுங்கள்; சோனார் வகையில் அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்கத் தெளிவு விழும் இடம் சற்றுப் பின்னால் நகரும். 2 மீட்டரிலும் ஒரு சுற்று. கடைசியாகத் தொலைதூரக் கோபுரம் ஒன்றைப் பார்த்து, முடிவிலிக் குறியில் பிம்பங்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

எம் 240-இல் லென்ஸ் காணும் காட்சியையே காட்டும் லைவ் வியூ இருப்பதால் பின்திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து தப்பிக்கலாம். எம்9-இல் அந்த வழி இல்லை. இருந்தாலும், முகத்தருகே கேமராவை வைத்து மனிதர்களைப் பார்த்தபடி எடுப்பதற்காகத்தானே ரேஞ்ச்ஃபைண்டரை வாங்கினோம்? அளந்து வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி.

தகடு மாற்றிச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் 1 மீட்டரைச் சரிசெய்தால் முடிவிலி கொஞ்சம் தவறலாம். முகங்களை மட்டுமே எடுப்பவர் செய்துகொள்ளலாம். நான் செய்யவில்லை.

படி 6: வெளியே போய் எடுத்தல்

முதல் நாள் எஃப் 5.6-இல் மட்டும் எடுங்கள். சிறு பிசகுகள் மறைந்துவிடும், லென்ஸின் கூர்மையும் நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் எஃப் 2. ஓரங்கள் மென்மையாகும், நிழல்கள் அடர்த்தி குறையும். அதற்காகத்தான் இந்த லென்ஸைத் தேடிப்போகிறோம். வெயில் நேராகக் கண்ணாடியில் படாமல் 40.5 மி.மீ. ஹுட் ஒன்றைத் திருகிக்கொள்ளுங்கள். ஹுட் இல்லையென்றால் உள்ளங்கையால் மறையுங்கள், சட்டக்கோட்டுக்குள் விரல் வராமல்.

என் லென்ஸின் மூடிக்குள் "1 மீ: 4 செ.மீ. பின்" என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்: பிம்பங்களைச் சேர்த்த இடத்துக்கு 4 செ.மீ. பின்னால் தெளிவு விழுகிறது என்று பொருள். இரண்டாம் முறை ஆச்சியை நேராகப் பார்க்கச் சொன்னேன். கண்ணை விட்டுவிட்டு, மூக்குத்திக் கல்லில் பிம்பங்களைச் சேர்த்தேன். அந்த மினுக்கு நடுக்கட்டத்தில் துல்லியமாகச் சேர்கிறது. கண்ணைவிட மூக்குத்தி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. மீதிக்கு நான் சற்றே பின்னால் சாய்ந்து ஷட்டரை அழுத்தினேன். எஃப் 2, திண்ணையில் மாலை வெளிச்சம். இமை முடிகளை எண்ணலாம்.