பிள்ளைக்கு இரும்புச்சத்துப் பாணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை கொஞ்சம் வெளிறிப்போனால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நேரே பார்மசிக்குப் போய் இரும்புச்சத்துப் பாணி மருந்து வாங்கிவிடுகிறோம். கவலை நியாயமானதுதான். ஆனால் கொடுத்த இரும்பெல்லாம் இரத்தத்தில் சேர்வதில்லை.

மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. அதனால் குடலிலேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடினால், குடலிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு போகும் பாதை அடைபடும். காய்ச்சல், கிருமித்தொற்று வந்தால் ஹெப்சிடின் ஏறிவிடும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் உடல் அதை ஒளித்துவைக்கிறது. ஆகவே காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளைக்குப் பாணியை வற்புறுத்திப் பருக்குவதில் பெரிய பலன் இல்லை. நிறுத்தலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். தொற்றில் அதுவும் ஏறும், இரும்புக் குறைபாடு இருந்தாலும் தெரியாமல் போகும்.

கொழும்பில் இருக்கும் நாங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெங்குவில் மலம் கறுப்பாகப் போவது ஆபத்தான அறிகுறி. இரும்புப் பாணி குடித்தாலும் மலம் கறுக்கும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், பாணி கொடுத்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேற்று மறந்ததற்கு இன்று இரட்டிப்பாகக் கொடுப்பதும் வீண். ஒரு பெரிய அளவு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, அடுத்த வேளை இரும்பைக் குறைவாகவே விடும். மிச்சம் குடலில் தங்கி வயிற்றைக் குழப்பும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறை பெரும்பாலும் பெரிய பெண்களிடம் ஆராயப்பட்டது, பிள்ளைக்கு நீங்களாக மாற்றாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையில் இந்தக் கட்டுப்பாடே இன்னும் முதிர்ந்திருக்காது, தேவையில்லாத இரும்பும் உள்ளே போகும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயிலும் இதே சிக்கல்: ஹெப்சிடின் தாழ்ந்திருக்கும், உடலில் இரும்பு குவியும். இலங்கையில் அந்த நோய் உண்டு. ஆகவே இரத்தம் பார்க்காமல் மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

பாலோடும் தேத்தண்ணியோடும் கொடுக்க வேண்டாம், தோடம்பழச் சாறு நல்லது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்தினால் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்பாது, டொக்டர் சொன்ன காலம் வரை கொடுங்கள்.

அப்புறம், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருடைய இரும்பு மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.