மெத்தில் வயலோஜன் அணைவுகள்: நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரட்டை நேர்மின்சுமை உடைய, ஏறத்தாழத் தட்டையான மெத்தில் வயலோஜன் நேரயனி, எலக்ட்ரான் செறிந்த அரோமேட்டிக் மூலக்கூறுகளோடு அடுக்காகச் சேர்ந்து நிறமுள்ள மின்சுமைப் பரிமாற்ற அணைவுகளை (ஒளியை உட்கவரும்போது வழங்கி எனப்படும் கூறிலிருந்து ஏற்பியான வயலோஜனுக்கு எலக்ட்ரான் நகரும் சேர்க்கைகளை) எளிதில் தருகிறது. (பாராகுவாட் என்ற பெயரில் வயலில் தெளிக்கப்படும் நஞ்சும் இதுவே, பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது இங்கே கூடவே கூடாது.) அந்த நிறத்தைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடுவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

மிகப் பரவலான பிழை, உப்பில் நேரயனியோடு இணைந்துள்ள எதிரயனியைக் கவனிக்காமல் விடுவது. குளோரைடு உப்பு வெண்ணிறமானது. அயோடைடு உப்போ செந்நிறமானது, ஏனெனில் அதில் அயோடைடு அயனியே எலக்ட்ரான் வழங்கியாகிவிடுகிறது. அந்த உப்போடு ஒரு நாஃப்தலீன் வழிப்பொருளைச் சேர்த்துவிட்டு, தோன்றும் நிறம் முழுவதையும் நாஃப்தலீனின் கணக்கில் எழுதுவது தவறு. நீரில் குளோரைடையும், அசிட்டோநைட்ரைலில் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டையும் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் எழாது.

கரைப்பானின் விளைவையும் வழங்கியின் தன்மை அறிந்தே கணிக்க வேண்டும். வேதியியலாளர் கொசோவர் 1958-இல் கரைப்பான்களின் முனைவுத்தன்மைக்கு அளவுகோலாகக் கொண்ட பிரிடினியம் அயோடைடு உப்பின் உட்கவர் பட்டை அசிட்டோநைட்ரைலில் ஏறத்தாழ 401 நானோமீட்டரிலும், மெத்தனாலில் 342 நானோமீட்டரிலும் அமைகிறது. அயனி இணை ஒளியை உட்கவர்ந்து மின்சுமையற்ற இரு தனியுறுப்புகளாக (இணையற்ற எலக்ட்ரான் உடைய துகள்களாக) மாறுவதால், அயனிகளை நன்கு நிலைப்படுத்தும் கரைப்பான் தாழ்நிலையை மேலும் தாழ்த்தி ஆற்றல் இடைவெளியைக் கூட்டுகிறது. வழங்கி மின்சுமையற்ற மூலக்கூறாயின், நேர்மின்சுமை இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. அங்கு இவ்வளவு பெரிய நகர்வை எதிர்பார்க்கக் கூடாது.

காற்று நீக்கிய கரைசலில் 605 நானோமீட்டர் அருகே எழும் அடர்நீலம் அணைவின் நிறம் அன்று. ஓர் எலக்ட்ரானை முழுமையாகப் பெற்று ஒடுக்கமடைந்த தனியுறுப்பு நேரயனியின் நிறம். காற்றைக் குமிழியிட்டால் அது மறைந்துவிடும். அணைவின் நிறம் நிற்கும். நீர்த்துப் பார்ப்பதும் நல்ல சோதனை: வலுக்குறைந்த அணைவெனில், இரு கூறுகளின் செறிவும் பத்திலொன்றாகும்போது அதன் உட்கவர்தல் ஏறத்தாழ நூற்றிலொன்றாகும்.

நிறம் அடர்ந்திருப்பதால் பிணைப்பு வலுவானது என்று கொள்வதும் பிழையே. வழங்கியின் செறிவை மாற்றி உட்கவர்தலை அளந்து வரைபடமாக்கும் பெனேசி–ஹில்டிபிராண்டு முறையில் (1949), வலுக்குறைந்த அணைவுக்குக் கிடைக்கும் நேர்கோடானது (பிணைப்பின் வலுவைக் காட்டும்) சமநிலை மாறிலி, (நிறத்தின் அடர்த்தியைக் காட்டும்) மோலார் உட்கவர் திறன் ஆகிய இரண்டின் பெருக்கத்தை மட்டுமே நம்பகமாகத் தரும்; இரண்டையும் தனித்தனியே பிரிக்க வேண்டுமானால், ஏற்பியின் கணிசமான பங்கு அணைவாகும் வரை வழங்கியின் செறிவை உயர்த்தியாக வேண்டும். வழங்கியும் உப்பாக இருந்தால் அதைச் சேர்க்கச் சேர்க்க அயனி வலிமையும் (கரைசலின் அயனிச் செறிவைக் குறிக்கும் அளவு) உயர்ந்து மாறிலியையே மாற்றிவிடும் என்பதால், நிறமற்ற ஓர் உப்பைக் கொண்டு அயனி வலிமையை முதலிலேயே நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும்.