கிறிஸ்துமஸ் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒத்திகை, ஒன்றுகூடல், பரிசு

எங்கள் வீட்டில் டிசம்பர் மாதம் நவம்பர் பாதியிலேயே பிறந்துவிடும். நான் கொயரில், அதாவது திருச்சபைப் பாடகர் குழுவில், ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். கணவர் கீபோர்டு வாசிக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் ஏதாவது ஒரு வேடம் வந்துவிடும். இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் எங்களை எதிர்பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் நாங்கள் செய்த தவறுகளும் உண்டு, பக்கத்திலிருந்து பார்த்த தவறுகளும் உண்டு. பெரும்பாலானவை ஆசையில் செய்பவை. யார் மனமும் நோகக் கூடாது, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற ஆசை. அதனாலேயே அவை தவறு என்று அந்த நேரத்தில் தெரிவதில்லை.

முதல் தவறு, வரும் அழைப்பு ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துச் 'சரி' சொல்லிவிடுவது. "ஒரு சாயங்காலம்தானே" என்று தோன்றும். ஆனால் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு நான்கு ஒத்திகை வேண்டும். அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். உடை தயாராக வேண்டும், போக வர நேரம் வேண்டும், அடுத்த நாள் காலை பிள்ளைகளை எழுப்ப முடியாது. நாட்காட்டியில் ஒரு கட்டம் போலத் தெரிவது உண்மையில் ஒரு வாரத்தைத் தின்றுவிடுகிறது.

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரே வாரத்தில் மூன்று மேடைக்கு ஒத்துக்கொண்டோம். மூன்றிலும் அவளுக்கு வானதூதர் வேடம். முதல் நாள் கண்ணாடி முன்னாலிருந்து நகரவே மாட்டேன் என்றாள். மூன்றாவது நாள் மேடைக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து, இறக்கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்துக் கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தனை இருக்கும்மா?" என்று கேட்டாள். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இப்போது எங்கள் பழக்கம் இதுதான்: எந்த அழைப்புக்கும் அந்த இடத்திலேயே பதில் சொல்வதில்லை. ஒத்திகை, பயணம், ஓய்வு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் பதில். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மேடை. பெரியவர்களுக்கு இரண்டு.

இன்னொரு கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் எல்லா வருஷமும் ஒரே நீளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமை அது தொடங்கும். 2022இல் நவம்பர் 27 அன்று தொடங்கி 28 நாள் இருந்தது. 2023இல் டிசம்பர் 3 அன்று தொடங்கி 22 நாள்தான். நான்காவது ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் ஒன்றாகவே வந்துவிட்டன. "நாலு ஞாயிறு இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்த குழுக்கள் கடைசியில் திணறுவது இப்படிப்பட்ட வருஷங்களில்தான். ஒத்திகையை வாரக் கணக்கில் போடாமல் தேதி போட்டு எழுதுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் 25ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்ற நினைப்பு. மேற்கத்தியத் திருச்சபை வழக்கப்படி கிறிஸ்துமஸ் 25ஆம் தேதிதான் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து 12 நாள், பிறகு ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்ததை நினைக்கும் நாளே அதுதான். ஆகவே ஒரு சொந்தக்கார வீட்டை 28ஆம் தேதிக்கோ ஜனவரி 2ஆம் தேதிக்கோ தள்ளிவைத்தால் அது இரண்டாம்பட்ச மரியாதை ஆகாது. நாங்கள் அத்தை வீட்டுச் சந்திப்பை அப்படி மாற்றிய வருஷம், முதல் தடவையாக யாரும் கடிகாரத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் இதை டிசம்பர் 20ஆம் தேதி சொன்னால் வருத்தம்தான் மிஞ்சும். நவம்பரிலேயே சொல்லிவிட வேண்டும்.

குரலைக் கெடுப்பது பாட்டு அல்ல

பாடுகிறவர்கள் டிசம்பரில் தொண்டை கட்டிக்கொண்டால் பனி, குளிர்ந்த தண்ணீர், ஒத்திகை என்று எதையாவது குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை முதல் குற்றவாளி முந்தின இரவு விருந்துதான். பத்து இருபது பேர் சேர்ந்த அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் பேசுவோம். சத்தம் கூடக் கூட மனிதர் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துவார் என்பதை எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911இலேயே எழுதிவைத்தார். உயர்த்துகிறோம் என்று நமக்கே தெரியாது, ஆபத்து அங்கேதான். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம். மூன்று மணி நேரம் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிவிட்டு, மறுநாள் காலை மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்க முடியவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

ஆகவே பாட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு கூட்டம் வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை. வயதானவர்கள் அதற்காக உங்களை வாழ்த்துவார்கள்.

குரல் கம்மிய பிறகு செய்யும் தவறுகள் வேறு. கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பது அதில் ஒன்று. பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது இன்னொன்று. ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் அந்த உறுத்தல் அடங்கும். மேடை ஏறும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிப்பதால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் விழுங்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. உடம்பில் நீர் சேர்ந்து, அது நாண்களுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். முந்தின நாளிலிருந்தே குடித்துவர வேண்டும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மேடையில் பிள்ளைகள்

நாடகத்தில் பணமும் நேரமும் போவது பெரும்பாலும் துணிக்கும் அட்டைக்கும்தான். ஒத்திகை பார்ப்பதோ சாதாரண உடையில், கீழே தரையில். நிகழ்ச்சி அன்று முதல் தடவையாக நீள அங்கி, தலையில் துணி, முகத்தில் விளக்கு வெளிச்சம். மேய்ப்பன் அங்கியை மிதித்து விழுகிறான். ஒரு ஒத்திகையாவது முழு உடையில், அதே மேடையில், அதே விளக்கில் நடக்க வேண்டும். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் புனிதர் அசிசி நகர் பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது அவர் வைத்ததெல்லாம் வைக்கோல், ஒரு எருது, ஒரு கழுதை. பார்க்க வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அரண்மனைத் திரைச்சீலை வரையும் மூன்று நாளைப் பிள்ளைகளின் குரல் கடைசி வரிசை வரை கேட்கச் செய்வதற்குச் செலவிடலாம்.

வசனத்தைச் சொல்லிக்கொடுக்கும் நாம், மறந்துபோனால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளையின் பெரிய பயம் அதுதான். "மறந்தால் ஒரு மூச்சு எடு, திரைக்கு ஓரமாக நிற்கும் அக்காவைப் பார், அவர் முதல் வார்த்தையைச் சொல்வார்" என்று சொல்லி, அதையும் ஒத்திகையில் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பெற்றோர் பக்கமும் ஒரு தவறு உண்டு. மேடையில் ஏறியதும் பிள்ளை கூட்டத்தில் தேடுவது அம்மா அப்பா முகத்தை. அங்கே முகத்துக்குப் பதில் தூக்கிப் பிடித்த போன்தான் தெரிகிறது. யாராவது ஒருவர் எடுத்து எல்லாருக்கும் அனுப்பட்டும். மற்றவர்கள் கையைக் கீழே வைத்துப் பாருங்கள். இறங்கி வந்த பிறகு "இரண்டாவது வரியை விட்டுட்டியே" என்று தொடங்கவும் வேண்டாம். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒன்றுகூடும் வீடு

இதில் நான் சொல்ல நினைப்பது இரண்டுதான். ஒன்று, வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுவது. ஒரு வருஷத்துப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மரத்தடியில், சாப்பாட்டு மேசையில், பரிசு பிரிக்கும்போது என்று எல்லாரும் இருக்கிறோம். அம்மா ஒரு படத்திலும் இல்லை. ஒன்றில் மட்டும் சமையலறைக் கதவோரம் முழங்கை தெரிகிறது. "உதவி வேணுமா?" என்று கேட்டால் அவர் "வேண்டாம்" என்றுதான் சொல்வார், அந்தத் தலைமுறை அப்படி. கேட்காமல் வேலையைப் பிரித்துவிட வேண்டும். ஆளுக்கொரு பதார்த்தம், பாத்திரம் கழுவ இரண்டு பேர் என்று பெயர் போட்டு முன்னாலேயே அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, அந்த ஆண்டு ஒருவரை இழந்த வீடு. கொண்டாட்டம் கெட்டுவிடுமோ என்று பயந்து, இறந்தவரின் பெயரையே யாரும் எடுப்பதில்லை. அந்த மௌனம் இழந்தவர்களை இன்னும் தனியாக்குகிறது. "அப்பா இருந்திருந்தா இந்தப் பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லியிருப்பார்" என்று ஒருவர் சொன்னால் போதும். கண் கலங்கினாலும் பரவாயில்லை.

பரிசு

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களிடம் அவர்கள் பெற்ற பரிசுகளைப் பற்றிக் கேட்டுக் கணக்கிட்டார். கொடுத்தவர் செலவழித்ததைவிடப் பெற்றவர் மதிப்பிட்டது குறைவு. குறைந்தது பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வீணானது. நண்பர்கள் கொடுத்தவை பொருந்தின, தூரத்து உறவினர் கொடுத்தவை பொருந்தவில்லை. பரிசின் அன்பைப் பணத்தில் அளக்க முடியாது என்றே நானும் நம்புகிறேன். ஆனாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: அடிக்கடி பார்க்காதவருக்கு ஊகித்து வாங்குவதைவிடக் கேட்டு வாங்குவது நல்லது. கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்பார்கள். தனக்கு வேண்டியதைச் சொன்ன பாட்டிக்கு அது அப்படியே கையில் கிடைக்கும்போது வரும் சிரிப்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகளுக்கு எண்ணிக்கையைக் கூட்டுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகள் 16 பொம்மைகளுக்கு நடுவே விளையாடியதைவிட 4 பொம்மைகளோடு நீண்ட நேரமும் பல விதமாகவும் விளையாடினார்கள். சொந்தங்கள் நிறையக் கொடுத்தால் பாதியை எடுத்து வைத்து, பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று கொடுங்கள்.

தயவுசெய்து கவனிக்க வேண்டியது பட்டன் பேட்டரி, சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி. இசை பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை, நாடகத்துக்கு நிஜ மெழுகுவர்த்தி ஆபத்து என்று நாமே மாற்றி வாங்கும் மின்சார மெழுகுவர்த்தி என்று எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் ஈரத்தில் மின்னோட்டம் உண்டாகி, சுற்றியுள்ள சதையைக் கார வேதிப்பொருள் போல அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரிய சேதம் நடக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாங்கும்போது பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பொருளைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். நாங்கள் நாடகம் முடிந்ததும் மெழுகுவர்த்திகளை எண்ணித்தான் பெட்டியில் வைக்கிறோம், ஒவ்வொன்றின் அடியிலும் மூடி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகு.

கடைசியாக, இந்தப் பாடங்களையெல்லாம் ஜனவரி வந்ததும் மறந்துவிடுவது. திருக்காட்சித் திருநாள் அன்று மரத்தைப் பிரித்து வைக்கும்போதே நாங்கள் ஒரு பக்கம் எழுதி, அலங்காரப் பெட்டியிலேயே போட்டுவிடுகிறோம். அடுத்த முறை பெட்டியைத் திறந்ததும் கையில் கிடைக்கும். போன வருஷத்துப் பக்கத்தில் இருப்பது: ஒத்திகையை நவம்பர் முதல் வாரமே தொடங்கணும். மேய்ப்பர் அங்கி நான்கையும் ஒரு சாண் குறைக்கணும். 23ஆம் தேதி ராத்திரி எங்கேயும் போகக் கூடாது.