வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறீர்களா? வாங்கியவர் மறுபடி வாங்க என்ன செய்யலாம்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். தனியாகக் கடை இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில்தான். புதிதாகத் தொடங்கும் பெண்கள் பெரும்பாலும் கேட்பது, "அக்கா, விளம்பரத்துக்கு எவ்வளவு போடணும்?" என்றுதான். போன தீபாவளிக்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் பொங்கலுக்கும் வாங்கினார்கள் என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் விளம்பரத்தில் காசைப் போடாதீர்கள்.

படத்தில் தொடங்குவோம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு நிறம் சிவப்பாகத் தெரியும், கத்தரிப்பூ நிறம் நீலமாகிவிடும். பகலில், வெயில் நேராக விழாத இடத்தில் எடுங்கள். நிறத்தின் பெயரை எழுத்திலும் போடுங்கள். முந்தானை, கரை, உடல் மூன்றும் தெரிய வேண்டும். நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, விலை என்ன, எல்லாம் படத்தின் கீழேயே இருக்கட்டும். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதினால், கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே நகர்ந்துவிடுவார்.

இதைவிட நான் முக்கியமாக நினைப்பது, பின்னால் குறையாகத் தெரியக்கூடியதை முன்னாலேயே சொல்லிவிடுவதை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் துணி சுருங்கியிருக்கும். இது தெரியாதவர் பார்சலைப் பிரித்ததும், பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைப்பார். அச்சுப் போட்ட சேலையும் சுங்குடி என்ற பெயரில்தான் விற்கிறது. அதை வாங்குவதில் தப்பில்லை, விலையும் குறைவு. ஆனால் எது எந்த வகை என்று நீங்களே சொல்ல வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து அச்சுச் சேலையை முடிச்சுச் சேலை விலைக்கு விற்பது, முடிச்சுப் போடும் பெண்களின் கூலியில் கைவைப்பதுதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

முதல் சலவையில் சாயம் கொஞ்சம் இறங்கலாம், தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். இதையே ஒவ்வொருவருக்கும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிசினஸ் ஆப்பில் 'குவிக் ரிப்ளை' இருக்கிறது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், சாய்வுக்கோடு போட்டதும் வந்து நிற்கும். 'லேபிள்' வசதியில் பணம் வந்தது, அனுப்பியாச்சு, மாற்றிக் கேட்கிறார் என்று பிரித்து வையுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் மட்டும் போதாது, வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

அனுப்பிய அன்றே தகவல் போக வேண்டும். நான் எழுதுவது இவ்வளவுதான்: "அக்கா, உங்க அரக்குச் சேலை இன்னைக்கு ஸ்பீட் போஸ்ட்ல போட்டாச்சு. டிராக்கிங் நம்பர் கீழே இருக்கு. வந்ததும் பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குறை இருந்தால், ஊரெல்லாம் சொல்வதற்கு முன் அவர் உங்களிடம் சொல்லிவிடுவார்.

குறை வந்தால் எழுத்தில் வாதாடாதீர்கள். படம் வாங்கிப் பார்த்துவிட்டு, போன் போட்டுப் பேசுங்கள். நம் பக்கம் தப்பு என்றால் திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையதே. கூகுளில் யாராவது குறை எழுதினால், என்ன செய்து கொடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் பணிவாகப் பதில் போடுங்கள். அடுத்து வாங்க வருகிறவர் அதைப் படிப்பார்.

புதுச் சேலை வந்ததும் எல்லோரையும் ஒரு குரூப்பில் போட்டுவிடுவது வேண்டாம். பெண்களின் நம்பர் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போய்விடும். 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' பயன்படுத்துங்கள். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: "புதுச் சேலைப் படம் வேணும்னா இந்த நம்பரைச் சேமிச்சுக்கோங்க." வேண்டும் என்றவரை மட்டும் பட்டியலில் சேருங்கள், போதும் என்று சொன்னால் உடனே எடுத்துவிடுங்கள். தினமும் அனுப்பவும் கூடாது. சுங்குடி வெயில் காலத்துச் சேலை. அதனால் நான் மாசியிலேயே படம் அனுப்பத் தொடங்கிவிடுவேன். பங்குனி, சித்திரையில் கட்டுவதற்கு, பார்சல் போய்ச் சேரவும் ரவிக்கை தைக்கவும் நாள் வேண்டுமே.