புதுப் பெயின்ட்டில் பழைய தேய்மானம்: ஒரு பிலா மர ஸ்டூலை ஃபார்ம்ஹவுஸ் பாணிக்கு மாற்றுவது எப்படி

நம் குமரி மாவட்டத்தில் முட்டத்திலோ குளச்சலிலோ மணலில் ஏற்றிப் போட்டிருக்கும் பழைய மர வள்ளம் ஒன்றின் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வலை உரசி உரசி விளிம்பில் பெயின்ட் முழுதாகப் போயிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே நீலம் உரிந்து பச்சை தெரியும், பச்சைக்கு அடியில் எப்போதோ அடித்த சிவப்பு. கையோ கயிறோ படாத மூலையில் மட்டும் நிறம் அடித்த மாதிரியே இருக்கும். இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது முழுவதும் அந்த வள்ளத்தின் விளிம்பிலேயே இருக்கிறது.

‘ஃபார்ம்ஹவுஸ்’ தோற்றம் அமெரிக்கக் கிராமப்புறத்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்தது. பால் புரதத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துச் செய்த பெயின்ட்டை மேசை, பெஞ்ச், அலமாரிக்கு அங்கே அடித்தார்கள். தலைமுறைகள் புழங்கியதில் அவை கை பட்ட இடத்தில் வெளுத்து, கால் பட்ட இடத்தில் மரம் தெரிந்து அழகாயின. அந்தத் தேய்மானத்தைப் புதுப் பெயின்ட்டில் நாமே கொண்டுவருவதைத்தான் ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’ என்கிறார்கள்.

என் முதல் பெஞ்சில் உப்புத்தாளை எடுத்து எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்த்துவிட்டேன். அது பழையதாகத் தெரியவில்லை, அடிபட்டதாகத் தெரிந்தது. மறுபடி முழுக்கப் பெயின்ட் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. எங்கே தேய்ப்பது என்பதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமைதான்.

எந்தச் சாமானை எடுக்கலாம்?

முதல் தடவைக்கு ஒரு ஸ்டூல் போதும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பிலா என்கிற பலா மரத்திலோ, அதன் இனமான அயனியிலோ செய்த ஸ்டூலும் குட்டி பெஞ்சும் அடுக்களை மூலையில் கிடக்கும். இதுவரை பெயின்ட் படாததாகப் பாருங்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி வீட்டுக்குள் படியும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே ஈயம் பாதிக்கும். பழைய பெயின்ட் உள்ள சாமானைத் தேய்க்காமல் ஒதுக்கி வையுங்கள்.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்), நல்ல தேக்கு, பாட்டி காலத்துப் பாலிஷ் கெடாத பெட்டி ஆகியவற்றுக்குத் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். அவற்றின் பழமை உண்மையானது. ரப்பர் மரச் சாமான் என்றால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் ஏறும். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை எடுக்க வேண்டாம்.

எப்போது செய்வது?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரக் காற்றில் பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உப்புத்தாள் பட்டதும் உருண்டு உருண்டு வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஈரப் பெயின்ட்டில் மண் வந்து ஒட்டினால் எடுக்கவே முடியாது. சுவர் மறைவில், விடிகாலையில் வேலையை முடித்துவிடுவது நல்லது.

தேவையானவை

ஹார்டுவேர் கடையில் 80, 120, 220 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு, மேட் வகை உள்சுவர் எமல்ஷன் இரண்டு நிறத்தில், கால் கிலோ சாக் பவுடர், ஒன்றரை அங்குல பிரஷ், டர்பன்டைன். வீட்டில் வெள்ளை மெழுகுவர்த்தி, பழைய பருத்தி வேட்டித் துணி, கொஞ்சம் தேங்காய்த் தும்பு, முகக்கவசம். அப்புறம் 50 கிராம் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கடையில் டப்பாவில் வரும் மெழுகைவிட இதன் மணமும் மினுமினுப்பும் எனக்குப் பிடிக்கும்.

1. கழுவுவது

அடுக்களைச் சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. சோப்புத் தண்ணீரில் தும்பை நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் காய வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும்.

கடற்கரை ஊர்களில் ஆணிகளைக் கட்டாயம் பாருங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஆணியின் கறை வெள்ளைப் பெயின்ட்டைத் துளைத்து மேலே வரும். அப்படி இருந்தால் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஸ்க்ரூ போடுங்கள்.

2. முதல் தேய்ப்பு

120 எண் தாளால் மரத்தின் ஓட்டத்தோடு ஒரு முறை தேய்த்தால் போதும். வழவழப்பாக்க வேண்டாம், பெயின்ட் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். தூசியைத் துடைத்துவிடுங்கள்.

3. மஞ்சளை அடைப்பது

இது பிலா மரத்துக்கு மட்டும். பிலாவின் காதலில், அதாவது நடு வைரப் பகுதியில், மஞ்சள் சாயம் உண்டு. அந்தச் சிராய்களைக் கொதிக்கவைத்து எடுத்த சாயத்தில்தான் பௌத்தத் துறவிகள் ஆடைக்கு நிறமேற்றினார்கள். அதன்மேல் நேரடியாகத் தண்ணீர்ப் பெயின்ட் அடித்தால் இரண்டொரு நாளில் வெள்ளையில் மஞ்சள் படர்ந்துவிடும். பாலிஷ்காரர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கும் அரக்கை மெல்லியதாக இரண்டு கை அடித்தால் சாயம் உள்ளேயே நின்றுவிடும். ஸ்பிரிட் என்பதால் அடுப்பு இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

4. பெயின்ட் கலப்பது

எனாமல் வேண்டாம். அது தோல் மாதிரி படியும். தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் செதிலாக உரியும். நமக்கு வேண்டியது தேய்த்தால் மாவாக உதிரும் பெயின்ட். மூன்றில் ஒரு பங்கு கப் சாக் பவுடரை மூன்று, நான்கு மேசைக்கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, ஒரு கப் எமல்ஷனில் ஊற்றிக் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் சரியாக இருக்கும். சிலர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுவார்கள். கலந்த கொஞ்ச நேரத்தில் அது இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

5. அடி நிறம், மெழுகுவர்த்தி, மேல் நிறம்

முதலில் அடி நிறம். எனக்கு வள்ளத்து நீலம் பிடிக்கும். ஒரு கை அடித்து, நான்கு மணி நேரம் காய விடுங்கள்.

இப்போது வேலையை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்காருங்கள். தூக்கி நகர்த்துங்கள். கை எங்கே பிடிக்கிறது? கால் எதன்மேல் ஏறி நிற்கிறது? சுவரில் எந்த முனை இடிக்கிறது? துடைப்பம் எங்கே படும்? சாதாரண ஸ்டூலில் பலகையின் நான்கு ஓரம், அதிலும் இரண்டு ஓரம் கூடுதலாக, கீழ்க்கட்டையின் நடுப்பகுதி, கால்களின் அடிமுனை. பலகைக்கு அடியிலும், கட்டை காலோடு சேரும் உள்மூலையிலும் ஒன்றும் படாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அடுத்த முறை வாசற்படியையும் கைப்பிடிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.

குறித்த இடங்களில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். மெழுகு பட்ட இடத்தில் மேல் நிறம் பிடிக்காது, பிறகு லேசாகச் சுரண்டினாலே உதிரும். ஒரே நேர்கோடாக இழுக்காமல் ஓரிடத்தில் தடிப்பாக, ஓரிடத்தில் தொட்டும் தொடாமலும் தேயுங்கள். அப்புறம் மேல் நிறம். பால் வெள்ளை வேண்டாம், மோர் மாதிரி கொஞ்சம் மங்கிய வெள்ளைதான் நம் வெளிச்சத்துக்கு ஒத்துப்போகும். இரண்டு கை, நடுவே நான்கு மணி நேரம். முடிந்ததும் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

6. தேய்மானம் வைப்பது

முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே உட்காருங்கள். முதலில் மெழுகு வைத்த இடங்களை மழுங்கின கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளை உதிர்ந்து நீலம் எழும். அதன்மேல் 220 எண் தாளால் மெல்லத் தேய்த்து விளிம்பை மங்கலாக்குங்கள். வெள்ளையும் நீலமும் சேரும் கோடு வெட்டின மாதிரி இருக்கக் கூடாது, ஒன்றில் ஒன்று கரைய வேண்டும்.

கை அதிகம் படும் ஓரங்களில், கால்களின் அடிமுனையில், 80 எண் தாளை எடுத்து நீலத்தையும் தாண்டி மரம் வரை போங்கள். பிலாவின் மஞ்சள் பழுப்பு அங்கே தெரியும்போது வருகிற அழகு வேறு எதிலும் வராது. மரம் வரை போவது மூன்று, நான்கு இடம் மட்டும். பலகையின் நடுவில் அகலமாகத் தேய்க்காதீர்கள். உட்காரும் இடம் வழவழப்பாகும், ஓரம்தான் மரம் தெரியத் தேயும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண் முதலில் தேய்மானத்தைப் பார்த்தால் அதிகமாகிவிட்டது, ஸ்டூலைப் பார்த்தால் சரியான அளவு. அதிகமான இடத்தில் மீந்த பெயின்ட்டைத் தொட்டு வைத்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் போதும். சங்கிலியால் அடிப்பது, ஆணியால் ஓட்டை போடுவது எல்லாம் சிலர் செய்வார்கள். என் அபிப்பிராயத்தில் ஸ்டூலுக்கு அது தேவையில்லை.

7. தேன்மெழுகு

தேன்மெழுகைச் சீவி ஒரு டம்ளரில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். உருகியதும் அடுப்பை அணைத்து, டம்ளரை வெளியே கொண்டுபோய், அங்கே வைத்து 150 மில்லி டர்பன்டைன் ஊற்றிக் கலக்குங்கள். டர்பன்டைன் தீப்பிடிக்கும் பொருள், அடுப்பின் பக்கம் போகவே கூடாது. ஆறினால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும்.

வேட்டித் துணியில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேய்த்து, இருபது நிமிடம் கழித்துச் சுத்தமான துணியால் பளபளப்பு வரும்வரை துடையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. மூலைகளில் அழுக்கேறின தோற்றம் வேண்டுமென்றால், பாலிஷ்காரர் வைத்திருக்கும் பழுப்புப் பொடியை மெழுகில் ஒரு சிட்டிகை சேர்த்து அங்கே மட்டும் பூசுங்கள். அதற்கு முன் சாதா மெழுகு ஒரு கை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பழுப்பைக் குடித்துவிடும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அது காயாத எண்ணெய், தூசியைப் பிடித்து, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

மெழுகு நன்றாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரத் துணி போடாதீர்கள். அதற்குப் பிறகும் சுடச்சுடத் தேநீர் டம்ளரை நேராக வைக்க வேண்டாம். தேன்மெழுகு 60 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருகும், வட்டத் தடம் விழும். விழுந்துவிட்டால் அதே மெழுகைப் பூசித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் மழைக்கு முன்னால், ஒரு கை மெழுகு ஏற்றி வையுங்கள். அப்போது ஸ்டூலைக் கவிழ்த்து அடிமுனைகளையும் பாருங்கள். நீங்கள் தேய்க்காத இடத்தில் வீட்டுக்காரர்கள் தேய்த்து வைத்திருப்பார்கள், அதற்குப் பெயின்ட் தொட்டு வைக்காமல் மெழுகு மட்டும் போடுங்கள்.