நீங்க கிளம்பினதும் நாய் சோபாவ கிழிக்குதா? முதல் அரை மணி நேரத்த வீடியோ எடுங்க

வீட்ட பூட்டிட்டு போயி மூணு மணி நேரம் கழிச்சு வந்து கதவ திறந்தா ஹால் ஃபுல்லா பஞ்சு, சோபா குஷன்ல பாதிய காணோம், நம்ம ஆளு ஒரு மூலையில காத மடக்கிட்டு உக்காந்திருக்கான். அனுபவிச்சவங்களுக்குத்தான் அந்த கோவம் தெரியும். எனக்கு இது மூணு தடவ நடந்துச்சு, மூணாவது தடவ ஜன்னல் கிட்ட இருந்த மரச் சேரோட காலும் போச்சு. கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ரெண்டு அடி போடுங்க, கட்டிப் போடுங்க, துணைக்கு இன்னொண்ணு வாங்குங்க, மிளகாத்தூள் தடவி வைங்கன்னு. நானும் இவன் சரியான சேட்டைக்காரன்னே நினைச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் பழைய மொபைல்ல வீடியோ ஓட விட்டுட்டு போனேன், வந்து பாத்தப்பதான் நான் இத்தன நாளா எவ்ளோ தப்பா புரிஞ்சுட்டு இருந்தேன்னு தெரிஞ்சுது.

அதனால நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை இதுதான், ஸ்ப்ரே, பொம்மை எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி. ஒரு பழைய போன ஷெல்ஃப்ல நாய்க்கு எட்டாத உயரத்துல, கதவும் சோபாவும் சேர்ந்து தெரியுற மாதிரி சாய்ச்சு வைங்க, சார்ஜர் வயர் கீழ தொங்கக் கூடாது, அப்புறம் எப்பவும் போல ஷூ போட்டு சாவி எடுத்துட்டு கிளம்புங்க. ஒரு மணி நேர வீடியோ போதும், அதுலயும் முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். ரெண்டு மூணு நாள் எடுத்துப் பாத்தா இன்னும் நல்லது.

வீடியோல என்ன தெரியும்னா, பெரும்பாலும் மூணுல ஒண்ணு. குட்டியா இருந்தா பல்லு விஷயம். குட்டிக்கு 28 பால் பல்லு, அது விழுந்து 42 பல்லு முளைக்கணும், ஏறக்குறைய நாலு மாசத்துல ஆரம்பிச்சு ஏழு மாசம் வரைக்கும் ஈறு நமநமன்னு இருக்கும், கிடைச்சதெல்லாம் கடிக்கும், நீங்க வீட்டுல இருந்தாலும் கடிக்கும். பல்லு முளைச்சு முடிஞ்சதும் நின்னுடும்னு நம்பிடாதீங்க, விடலைப் பருவத்துல ஒன்றரை ரெண்டு வயசு வரைக்கும் கடிக்கிற ஆசை இருக்கத்தான் செய்யும்.

ரெண்டாவது வெறும் போர் அடிக்குறதால வர்றது. நீங்க போனதும் ஒரு தூக்கம் போட்டு, எழுந்து சோம்பல் முறிச்சு, அங்க இங்க மோந்து பாத்துட்டு, சாவகாசமா ஒரு குஷன தூக்கிட்டு வந்து நடு ஹால்ல வெச்சு வாலாட்டிக்கிட்டே பிரிச்சு மேயும். உடம்பு தளர்வா இருக்கும், வெச்சிட்டுப் போன தீனியையும் காலி பண்ணிடும். பாக்க சிரிப்பா இருக்கும், சோபா உங்களோடது இல்லன்னா.

மூணாவதுதான் மனச கஷ்டப்படுத்துறது. கதவு சாத்தின சில நிமிஷத்துலயே ஆரம்பிச்சிடும், அங்கயும் இங்கயும் நடக்கும், மூச்சு வாங்கும், எச்சில் வழியும், ஊளையிடும், கதவோரத்தையும் ஜன்னல் சட்டத்தையும் பிறாண்டும், வெளிய போய் ஒழுங்கா யூரின் போற நாயா இருந்தாலும் உள்ளயே போயிடும், ரொம்ப பிடிச்ச தீனிய பக்கத்துலயே வெச்சாலும் திரும்பி கூட பாக்காது. இது தனியா விட்டுட்டாங்களேங்குற பயம். என் பையன் இந்த ரகம். நான் கிளம்பின நாலாவது நிமிஷம் கதவுகிட்ட முனக ஆரம்பிச்சான், அப்புறம் ஜன்னலுக்கு கீழ இருந்த சோபா மேல ஏறி வெளிய எட்டிப் பாத்தான், எட்டல, சாய்மானத்த பிறாண்டி பிறாண்டி மேல ஏறப் பாத்தான், கிழிஞ்சது அந்த சாய்மானம்தான். ஹால்ல இன்னொரு சோபா இருக்கு, அதுல ஒரு கீறல் கிடையாது. மூணு தடவையும் இத கவனிக்காம விட்டேன் பாருங்க.

இந்த மூணுலயும் சேராத கேஸும் உண்டு. இடி இடிக்கிற அன்னிக்கோ வெடிச் சத்தம் கேக்குற அன்னிக்கோ மட்டும் நாசம் பண்ணுதுன்னா அது சத்தத்துக்கான பயம். சோபாவுல ஒரே ஒரு மூலைய மட்டும் தோண்டுதுன்னா முதல்ல அந்த இடுக்குல கைய விட்டுப் பாருங்க, பிஸ்கட் தூள் இருக்கும், இல்ல எலி இருக்கும், நாய திட்டாதீங்க.

திட்டுறதப் பத்தி சொல்லிடுறேன். "அவனுக்கு தப்புன்னு தெரியுது, மூஞ்சியப் பாத்தாலே தெரியும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. நாய்களோட அறிவ ஆராய்ச்சி பண்ற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஓனர் நாய்கிட்ட தீனிய தொடாதன்னு சொல்லிட்டு ரூம விட்டுப் போகணும், திரும்பி வந்ததும் நாய் சாப்பிட்டுச்சா இல்லையான்னு ஓனருக்கு சொல்லுவாங்க, ஆனா சில நேரம் வேணும்னே பொய் சொல்லுவாங்க. பாத்தா அந்த குத்த உணர்ச்சி மூஞ்சி தப்பு பண்ணதுக்கு வரல, ஓனர் திட்டினதுக்குத்தான் வந்துச்சு, ஒரு தப்பும் பண்ணாத நாய் திட்டு வாங்கினப்போ அந்த முழி இன்னும் அதிகமா இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் முன்னாடி கடிச்ச குஷனுக்கு இப்ப அடிச்சா நாய் அத குஷனோட சேத்துப் பாக்காது, ஆள் வந்தா அடி விழும்னு கத்துக்கும், அடுத்த தடவ நீங்க கிளம்பும்போதே பதட்டம் ஆரம்பிச்சிடும். பயந்த நாய்க்கு இது எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துன மாதிரி.

சரி, வேலைக்கு வருவோம். எந்த ரகமா இருந்தாலும் இன்னிக்கே பண்ண வேண்டியது, சோபாவும் நாயும் தனியா ஒரே இடத்துல இல்லாம பாத்துக்குறது. ரூம் கதவ சாத்துங்க, இல்ல குழந்தைங்களுக்கு போடுற தடுப்பு கேட் போடுங்க. ஒவ்வொரு தடவ கடிக்கிறப்பவும் அந்த சுகம் பழகிப் போகுது, அதனால அந்த வாய்ப்ப குறைக்கிறதே பாதி வைத்தியம். செருப்பு, சாக்ஸ், ரிமோட், கரண்ட் வயர் எல்லாத்தையும் மேல ஏத்துங்க, வயர கடிச்சா ஷாக் அடிக்கும், ரிமோட்ல இருக்குற பட்டன் பேட்டரிய முழுங்கினா உள்ள புண்ணாகி உயிருக்கே ஆபத்து. கசப்பு ஸ்ப்ரே சில நாய்கிட்ட வேலை செய்யும், சிலது அதையும் ருசிச்சு நக்கிட்டு கடிக்கும், துணியில கறை படுமான்னு ஒரு மறைவான மூலையில அடிச்சுப் பாத்துட்டு அடிங்க, கசப்பு குறைஞ்சதும் மறுபடி அடிக்கணும். மிளகாத்தூள் வேண்டவே வேண்டாம், கண்ணுல மூக்குல போனா பாவம்.

பல்லு கேஸுக்கும் போர் கேஸுக்கும் கடிக்க வேற ஏதாவது கொடுக்கணும், கொடுக்குறதுலயும் விஷயம் இருக்கு. நடுவுல ஓட்டை இருக்குற ரப்பர் பொம்மை, காங்ங்குற பிராண்டு மாதிரி, அதுக்குள்ள அது வழக்கமா சாப்பிடுற சாப்பாட்ட ஊற வெச்சு அடைச்சு ராத்திரியே ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, காலைல கிளம்பும்போது கொடுத்தா நக்கி நக்கி எடுக்கவே ரொம்ப நேரம் ஆகும், வலிக்கிற ஈறுக்கும் சில்லுன்னு இதமா இருக்கும். பீனட் பட்டர் தடவுறவங்க டப்பாவுல சைலிட்டால்னு போட்டிருக்கான்னு கட்டாயம் பாருங்க, அது சர்க்கரைக்கு பதிலா சேர்க்குற இனிப்பு, நாய்க்கு விஷம். பொம்மை வாய்க்குள்ள முழுசா போற சைஸ்ல இருக்கக் கூடாது, கட்டை விரல் நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது பதியணும், பதியலன்னா அது பல்ல உடைக்கிற அளவுக்கு கடினம். வேக வெச்ச எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பா உடைஞ்சு குடல குத்தும். பழைய செருப்ப விளையாட கொடுக்குறவங்களுக்கு ஒரு கேள்வி, எது பழசு எது புதுசுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? எந்த புது பொம்மையா இருந்தாலும் முதல் சில நாள் நீங்க கூட இருக்கும்போதே கொடுத்துப் பாருங்க, பிச்சு முழுங்குதான்னு தெரியும். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டாம மாத்தி மாத்தி கொடுங்க, நாலு நாள் பாக்காத பொம்மை புதுசு மாதிரிதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி வாக்கிங் கூட்டிட்டுப் போங்க, ஆனா இழுத்துட்டு ஓடாதீங்க. மோந்து பாக்க விடுங்க, ஒவ்வொரு செடியிலயும் ரெண்டு நிமிஷம் நின்னா நிக்கட்டும், நம்ம பேப்பர் படிக்கிற மாதிரி அது. பந்த விட்டெறிஞ்சு விட்டெறிஞ்சு அரை மணி நேரம் ஓட விட்டா களைச்சுப் போயி தூங்கும்னு நினைப்போம், பல நாய்க்கு அது வெறிய ஏத்தி விடுறதோட சரி. திரும்பி வந்ததும் உடனே கதவ சாத்திட்டு ஓடாம ஒரு இருபது நிமிஷம் அடங்க டைம் குடுங்க. வளர்ந்த நாய் ஒரு நாள்ல ஏறக்குறைய பாதி நேரம் தூங்கும், நம்ம வேலை அது தூங்குற மனநிலையில இருக்கும்போது கிளம்புறதுதான். போர் அடிக்கிற நாய்க்கு பெரும்பாலும் இதுவே போதும்.

பயந்த நாய்க்கு இது எதுவும் போதாது. கூண்டுல போட்டா சரியாகும்னு நினைக்காதீங்க, கூண்ட தன் படுக்கையா பழகின நாய்க்கு அது ஓகே, தனிமைக்கு பயப்படுறத உள்ள போட்டா கம்பிய கடிச்சு பல்ல உடைச்சுக்கும், நகத்த பேத்துக்கும். துணைக்கு இன்னொரு நாயும் பல நேரம் உதவாது, அது தேடுறது உங்கள, வேற நாய இல்ல, கடைசில ரெண்டும் சேர்ந்து ஊளையிடும்.

இதுக்கு வழி கொஞ்சம் கொஞ்சமா பழக்குறது, சத்தியமா பொறுமை வேணும். முதல்ல கிளம்புறதுக்கான அடையாளங்கள உடைக்கணும், சாவி சத்தம் கேட்டாலே நாய் எழுந்து நிக்குதுல்ல, அந்த சாவிய எடுத்துட்டு போயி டிவி முன்னாடி உக்காருங்க, ஷூ போட்டுட்டு சமையல் பண்ணுங்க, பைய தோள்ல மாட்டிட்டு துணி மடிங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. சாவி எடுத்தாலும் அது தலைய தூக்காத நாள் வந்ததும் கதவுக்குப் போகலாம். கதவ திறந்து மூடுங்க, வெளிய போகாதீங்க. அடுத்து வெளிய போயி அஞ்சு செகண்ட்ல உள்ள வாங்க, அப்புறம் பத்து, இருபது, ஒரு நிமிஷம், ஆனா ஏறு வரிசையிலயே போகாதீங்க, நடு நடுவுல சின்னதா ஒண்ணு போடணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நேரம் நீளுதுன்னு அது கண்டுபிடிச்சிடும். மொபைல்ல லைவா பாத்துக்கிட்டே பண்ணுங்க, அது பதட்டப்பட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடணும். முனகுச்சுன்னா நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்கன்னு அர்த்தம், நாளைக்கு அதுல பாதி நேரத்துல ஆரம்பிங்க. எனக்கு முப்பது செகண்ட தாண்டவே பத்து நாள் ஆச்சு, பக்கத்து வீட்டு அக்கா நான் வாசல்ல நின்னு போனப் பாத்துட்டு உள்ள போறதும் வர்றதுமா இருக்குறத பாத்துட்டு "தம்பி, எல்லாம் சரியா இருக்கால்ல"ன்னு கேட்டாங்க. கிளம்பின முதல் அரை மணி நேரத்த தாண்டிட்டா அதுக்கப்புறம் நேரம் வேகமா கூடும்.

இதுல ஒரு பெரிய சிக்கல், பழக்குற காலத்துல அது தாங்குற நேரத்துக்கு மேல தனியா விடக் கூடாது. காலைல இருபது செகண்ட் பழக்கிட்டு மதியம் நாலு மணி நேரம் விட்டுட்டுப் போனா எல்லாம் வீண். சொந்தக்காரங்க, ஃப்ரெண்டு, நாய பாத்துக்குற இடம், கூட கூட்டிட்டுப் போறது, ஷிஃப்ட் மாத்திக்கிறதுன்னு எப்படியாவது சமாளிக்கணும். சில வாரமும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம்.

ரொம்ப மோசமா இருந்தா வெட், அதாவது கால்நடை டாக்டர்கிட்ட போங்க, மருந்து கொடுக்குறது தோல்வி ஒண்ணும் கிடையாது. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ இந்த பிரச்சனைக்காகவே 1998ல குளோமிப்ரமின், 2007ல ஃப்ளுவாக்சிடின்னு ரெண்டு மருந்த நாய்களுக்கு அனுமதிச்சிருக்கு, ரெண்டுமே பயிற்சியோட சேர்த்து கொடுக்குறதுக்குத்தான். பலன் தெரிய சில வாரம் ஆகும். வீட்டுல இருக்குற மனுஷங்க மாத்திரைய நீங்களா உடைச்சுக் கொடுத்துடாதீங்க. அதே மாதிரி இத்தன வருஷம் சமத்தா இருந்த வயசான நாய் திடீர்னு கடிக்க ஆரம்பிச்சாலும் முதல்ல வெட்தான், வலி இருக்கலாம், வயசானதால வர்ற குழப்பமா கூட இருக்கலாம்.

வந்து பாத்தப்ப நாசம் நடந்திருந்தா ஒண்ணும் பேசாம நாய வெளிய கூட்டிட்டுப் போங்க, இல்ல வேற ரூம்ல விடுங்க, அப்புறம் கூட்டுங்க. கூட்டும்போது துண்டுகள சேர்த்து வெச்சுப் பாருங்க, பஞ்சோ ஒரு சாக்ஸோ குறையுற மாதிரி இருந்து, நாய் வாந்தி எடுக்குது, சாப்பிடல, கக்கா போகலன்னா காத்திருக்காதீங்க, குடல் அடைச்சிருக்கலாம், அது ஆபரேஷன் வரைக்கும் போகும். யூரின் போன இடத்த என்சைம் கிளீனர்ல தொடைங்க, அமோனியா கலந்தது அதுக்கு யூரின் வாசனை மாதிரியே இருக்கும், மறுபடி அங்கயே போகும்.

எல்லாம் சரியான மாதிரி தெரிஞ்சாலும் ஒரே நாள்ல ஹால திறந்து விட்டுடாதீங்க. முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி, எப்பவும் கேமரா ஓடட்டும். நான் பண்ண இன்னொரு விஷயம், ஜன்னலுக்கு கீழ இருந்த அந்த சோபாவ எதிர் செவத்துக்கு மாத்திட்டு, அந்த இடத்துல அவன் ஏறி நின்னு வெளிய பாக்குற உயரத்துக்கு ஒரு பழைய பெட்டிய போட்டு மேல என் பழைய போர்வைய விரிச்சேன். இப்ப வீடியோல கொஞ்ச நேரம் அதுல நின்னு பாக்குறான், அப்புறம் அதுலயே சுருண்டு தூங்குறான். புது சோபா வாங்குறத மட்டும் தள்ளிப் போடுங்க, நான் ரெண்டாவது தடவைக்கு அப்புறமே அவசரப்பட்டு வாங்கிட்டேன், மூணாவது தடவ கிழிஞ்சது அதுதான்.