பாட்டு ஓடவில்லையா? லைப்ரரியை அழிக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்

கணினியில் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பவர்களின் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நேற்றுவரை ஓடிய பாட்டின் பக்கத்தில் இன்று ஆச்சரியக்குறி நிற்கிறது. ஒரே ஆல்பம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பாட்டே இரண்டு மூன்று முறை தெரிகிறது. எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் மட்டும் வர மறுக்கிறது. எரிச்சலில் பலரும் லைப்ரரியை மொத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி சேர்க்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். பிளேலிஸ்ட்கள், நட்சத்திர மதிப்பீடுகள், எதை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் போய்விடும். கோளாறு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஐடியூன்ஸ், மியூசிக்பீ, ஃபூபார்2000 என எந்தப் பாட்டு மென்பொருளை வைத்திருந்தாலும், லைப்ரரிக்குள் பாட்டு இருப்பதில்லை. அது வெறும் பட்டியல். இந்தப் பாட்டு இந்த டிரைவில், இந்த ஃபோல்டரில், இந்தப் பெயரில் இருக்கிறது என்ற குறிப்புதான் அதில் உள்ளது. ஆகவே கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: பாட்டுக் கோப்பில், பட்டியலில், அல்லது ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும் வழியில். எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பட்டியலுக்கு ஒரு பிரதி

மென்பொருளை முழுவதும் மூடுங்கள். லைப்ரரி கோப்பை அப்படியே வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். பாட்டுகளோடு ஒப்பிட்டால் இதன் அளவு மிகச் சிறியது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: அதே பாட்டை வேறு மென்பொருளில் திறங்கள்

மக்கர் செய்யும் கோப்பை வி.எல்.சி. போன்ற வேறொரு பிளேயரில் நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோப்பின் மேல் பழி இல்லை. படி 3-க்குப் போங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். 0 பைட் என்றோ, மற்றப் பாட்டுகளைவிட மிகக் குறைவாகவோ இருந்தால் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றி எம்பி3 என்று எழுதிவிட்டால் கோப்பு எம்பி3 ஆகிவிடாது. வடிவத்தை மாற்ற அதற்கான மென்பொருள் வேண்டும். ஐடியூன்ஸில் ஃபிளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் வடிவம்) கோப்பைச் சேர்த்தால் எந்தச் செய்தியும் சொல்லாமல் அது ஒதுக்கிவிடும். அந்த வடிவத்தை அது ஏற்பதில்லை. ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஒலித்தரம் சிறிதும் குறையாது.

ஃபிளாக் கோப்பில் ஒரு வசதி உண்டு. மூல ஒலியின் சரிபார்ப்பு எண் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஃபூபார்2000-க்கான சரிபார்க்கும் துணைநிரலைக் கொண்டு கோப்பு சிதைந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். 3 நிமிடப் பாட்டு 20 நிமிடம் என்று காட்டுவது வேறு கதை. பிட் விகிதம் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3-இன் தொடக்கத்தில் இருக்க வேண்டிய தகவல் இல்லாவிட்டால், பிளேயர் நீளத்தைத் தோராயமாகக் கணக்கிடுகிறது. பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

படி 3: ஆச்சரியக்குறி

கோப்பு பழைய இடத்தில் இல்லை என்பதுதான் இதன் பொருள். நீங்களே ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கலாம். விண்டோஸில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டும்போது 'இ' என்றிருந்த டிரைவ் எழுத்து 'எஃப்' ஆகிவிடும். அவ்வளவுதான், ஆயிரம் பாட்டுகளும் ஒரே நொடியில் காணாமல் போகும். டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதிக்குச் சென்று பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள். எல்லாம் தானாகத் திரும்பிவிடும்.

கோப்புகளை நீங்களே நகர்த்தியிருந்தால், முடிந்தவரை பழைய இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். முடியாதபோது ஐடியூன்ஸில் ஒரு பாட்டின் புதிய இடத்தைக் காட்டுங்கள். காணாமல் போன மற்றவற்றையும் அங்கே தேடவா என்று அதுவே கேட்கும்.

படி 4: சிதறிய ஆல்பமும் புரியாத எழுத்துகளும்

நேரம் அதிகம் பிடிக்கும் இடம் இதுதான். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் ஆகிய விவரங்கள் கோப்புக்குள் டேக் என்ற பகுதியில் உள்ளன. ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு பாடகர் பாடிய ஆல்பத்தில், பாடகர் பெயரை மட்டும் நிரப்பி, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தைக் காலியாக விட்டால், சில மென்பொருள்கள் ஒவ்வொரு பாடகருக்கும் ஓர் ஆல்பம் உண்டாக்கிவிடும். எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்தில் ஒரே பெயரை, உதாரணமாக இசையமைப்பாளர் பெயரை, எழுதிச் சேமியுங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் ஆல்பம் பெயரின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ பேரை அலையவைத்த இடைவெளி அது.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ வினோத எழுத்துகளாகவோ தெரிந்தால், டேக் பழைய முறையில் எழுதப்பட்டது என்று ஊகிக்கலாம். எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறைக்கு ஐடி3 என்று பெயர். 1996-இல் வந்த அதன் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட் மட்டுமே இடம். எந்த எழுத்துமுறை என்று குறிப்பிடவும் வழி கிடையாது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளில் தட்டச்சு செய்த பெயர்களுக்கும் இதே கதிதான். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் பெயர்களை யூனிகோடில் திருத்தி, ஐடி3 2.3 பதிப்பாகச் சேமியுங்கள். பெரும்பாலான பிளேயர்கள் அதைப் படிக்கும். வெளியில் திருத்தியதும் உங்கள் பிளேயரில் லைப்ரரியை மறுபடி ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். பல மென்பொருள்கள் தாமாகக் கவனிப்பதில்லை.

படி 5: இரட்டைப் பதிவுகள்

நீக்கும் முன் இரண்டும் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பாருங்கள். சேர்க்கும்போதே கோப்பைத் தன் ஃபோல்டருக்கு நகலெடுக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஒரே பாட்டு டிஸ்க்கில் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கும். பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, கோப்பையும் அழிக்கவா என்று வரும் கேள்வியை அவசரத்தில் கடந்துவிடாதீர்கள். இரண்டு பதிவுகளும் ஒரே கோப்பைச் சுட்டும்போது கோப்பை அழித்தால் பாட்டே போய்விடும்.

படி 6: சத்தம்

ஓடுகிறது, சத்தம் இல்லை என்றால் முதலில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளே கேபிளை மாட்டியதும் ஒலி மானிட்டருக்குப் போயிருக்கும். விண்டோஸில் ஏதேனும் ஒரு மென்பொருள் ஒலிக்கருவியைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொண்டாலும் மற்றவை ஊமையாகும். அதை மூடினால் போதும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று பழைய தொலைபேசி போல ஒலித்தால், ஏதோ ஒரு செயலி மைக்கைப் பயன்படுத்துகிறது. மைக் திறந்ததும் ஹெட்செட் பேச்சுக்கான முறைக்கு மாறி, ஸ்டீரியோவைக் கைவிட்டுவிடும். வீடியோ அழைப்புச் செயலியை மூடுங்கள்.

ஒரு பாட்டு அலறி அடுத்தது முனகினால் பாட்டுகளின் ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் அல்லது சவுண்ட் செக் வசதியை இயக்குங்கள். பாட்டின் கடைசி நொடிகள் விழுங்கப்பட்டால், ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைக் கலந்து தொடங்கும் கிராஸ்ஃபேடை நிறுத்துங்கள்.

படி 7: எதுவும் பலிக்காதபோது

விண்டோஸில் ஐடியூன்ஸைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை, மேக்கில் (2019 முதல் ஐடியூன்ஸுக்குப் பதில் வந்த) மியூசிக் செயலியைத் திறக்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் புதிய லைப்ரரி தொடங்கலாம். அதில் நாலைந்து பாட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக ஓடினால் பழைய பட்டியல்தான் சிதைந்திருக்கிறது. அதே விசையை அழுத்தி, பட்டியல் நன்றாக இருந்த நாளில் நீங்கள் எடுத்த பிரதி ஏதேனும் இருந்தால் அதைத் திறங்கள். புதிய லைப்ரரியிலும் அதே தொல்லை என்றால் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவலாம். பாட்டுகள் இருக்கும் ஃபோல்டரைத் தொட வேண்டியதில்லை.